தீயணைப்பு வண்டிக்கு ஏர் பிரேக் ரீகால் வந்திருக்கு, நிலையத்துல இருக்கிறதோ ஒரே வண்டி. வால்வ் மாத்துற வரைக்கும் என்ன செய்யறது?

இரைச்சல்பாலம் (கேள்வி):

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். கம்பம் பள்ளத்தாக்குல ஒரு தீயணைப்பு நிலையத்துல டிரைவர் மெக்கானிக்கா இருக்கேன். நிலையத்துப் பேர் வேண்டாம். எங்க எல்லையில பாதி தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும். மீதி, லோயர்கேம்ப்ல இருந்து குமுளிக்கு ஏறுற மலை ரோடு. குமுளி கடைத்தெருவுல புகைஞ்சா கேரளத்து வண்டி வரும், கூப்பிட்டா நாங்களும் ஏறுவோம். ஏலக்காய் ஸ்டோர்ல தீப்பிடிச்சு நடுராத்திரியில ஏறிப் போயிருக்கோம்.

எங்க வாட்டர் டெண்டரோட (தண்ணி டேங்க் வச்ச தீயணைப்பு வண்டி) சேஸிஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிவண்டி, செஞ்ச கம்பெனி அந்த மாடலுக்கு ரீகால் போட்டிருக்கு, கோளாறை சரி பண்ண வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கு. காரணம் ஃபுட் வால்வ், பெடலை மிதிச்சா பிரேக்குக்குக் காத்தை விடுற வால்வ். பெடலை மிதிச்சு விட்ட பிறகும் வால்வுக்குள்ள காத்து முழுசா வெளியேறாம தங்கிடலாம், அதனால பிரேக் லேசாப் பிடிச்ச மாதிரியே நிக்கலாம், சக்கரம் சூடாகலாம்னு கடிதத்துல இருக்கு. வால்வை இலவசமா மாத்தித் தர்றாங்களாம்.

அந்தக் கடிதம் எங்க நிலையத்துக்கு வரவே இல்ல. குமுளி செக்போஸ்ட்டுக்கிட்ட டீக்கடையில, கேரளப் பக்கத்துல இதே சேஸிஸ் ஓட்டுற நண்பர் ஒருத்தர், "உங்க வண்டிக்கு வால்வ் மாத்தியாச்சா?"ன்னு கேட்டார். அப்பதான் எனக்கே தெரியும். விசாரிச்சா, கடிதம் தண்ணி டேங்கும் பம்ப்பும் கட்டின பாடி பில்டர் முகவரிக்குப் போயிருக்கு. அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்து ஏதோ ஒரு ஃபைல்ல உக்காந்திருக்கு. ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்குத் தெரியாம இந்த வண்டி எத்தனை தடவை மலை ஏறி இறங்கியிருக்குன்னு நினைச்சா வயிறு கலங்குது. பின்னாடி உக்காந்து வர்ற பசங்க என்னை நம்பித்தானே கண்ணை மூடிக்கிட்டு வர்றாங்க.

சமீபத்துல குமுளியில இருந்து இறங்கி ஷெட்டுல நிறுத்தினப்போ பின்பக்கம் இடது சக்கரத்துல கருகல் வாடை வந்துச்சு. வலது பக்கம் சாதாரணமா இருந்துச்சு. இது அந்த வால்வ் கோளாறுதானா?

சர்வீஸ் மையத்துக்குப் போன் போட்டேன். வால்வ் இருப்பு இல்ல, வந்ததும் சொல்றோம்னாங்க. கூடவே, "பாடி பில்டர் ஏர் லைன்ல கை வச்சிருந்தா எங்க பொறுப்பில்ல"ன்னும் ஒரு வார்த்தை சொன்னாங்க. எங்க வண்டியில பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியை பம்ப்புக்கு எடுத்துக் கொடுக்கிறது) போடுறதும் ஏர் ஹாரனும் காத்துலதான் ஓடுது. அந்த லைனை எடுத்தது பாடி பில்டர்தான்.

கார்த்திகை பிறந்துட்டா சபரிமலைக்குப் போற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியா ஏத்தி, குமுளி வழியா இறக்குவாங்க. ரோடு முழுக்க சாமிமாருங்க வண்டிதான். அதுக்குள்ள இது முடியணும். அதுவரைக்கும் வண்டியை நிறுத்தணுமா, ஓட்டலாமா? ஓட்டுறதுன்னா தினமும் எதைப் பார்க்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏலமலை லாரி:

தம்பி, நிறுத்திரு. குமுளி ரோட்டுல ஏலக்காய் மூட்டை, பலகை, சிமென்ட்டுன்னு எல்லா லோடும் இறக்கினவன் சொல்றேன். நாங்க மேல லோடு போட்டுட்டுக் காலியா இறங்குற நாளும் உண்டு. உனக்கு அந்த நாளே கிடையாது. 4,500 லிட்டர் தண்ணின்னா நாலரை டன். நிலையத்துல நிக்கும்போதும் அது உன் முதுகுலதான் இருக்கு. மின் நிலையத்துக்குத் தண்ணி இறங்குற ராட்சதக் குழாய் தாண்டி வர்ற வளைவுகள்ல பிரேக் பிடிச்சபடியே இறங்கினா பிரேக் லைனர் சூட்டுல காய்ஞ்சு போகும், அப்புறம் மிதிச்சாலும் நிக்காது. கட்டை போட்டு நிறுத்துறதுக்குக்கூட ஆள் இறங்க நேரம் இருக்காது.

வேற வழியே இல்லாம மலைக்குப் போகவேண்டி வந்தா, ஏறின கியர்லயே இறங்கு. எக்ஸாஸ்ட் பிரேக்கை (இன்ஜின் புகையை அடைச்சு வேகத்தைக் குறைக்கிறது) முதல் வளைவுக்கு முன்னாடியே போடு. சைரன் அலறுதேன்னு கால் பரபரக்கக் கூடாது.

இரைச்சல்பாலம்:

அண்ணே, நிறுத்தணும்னுதான் எனக்கும் மனசு சொல்லுது. ஆனா நிறுத்தின அன்னிக்கு ஒரு குடிசை எரிஞ்சா அடுத்த நிலையத்து வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோகும். வீட்டுக்காரங்க நம்ம முகத்தைத்தானே பார்ப்பாங்க. அதனாலதான் கேட்கிறேன்.

கூடலூர் பட்டறை:

நீலகிரிக் கூடலூர் இல்ல, லோயர்கேம்புக்குக் கீழ இருக்கிற கூடலூர். ஹெவி வண்டி பிரேக் வேலையிலதான் தலை நரைச்சது. தம்பி கேட்டதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு, அதைப் பிரிச்சுக்குவோம்.

ஃபுட் வால்வ் ரெண்டு அடுக்கு. பொதுவா மேல் அடுக்கு பின் சக்கரங்களுக்கு, கீழ் அடுக்கு முன் சக்கரங்களுக்கு. மேல் அடுக்குல காத்து தங்கினா பின்னாடி ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் சூடாகும், இடது மட்டும் சூடாகாது. அதனால உங்க கருகல் வாடைக்குப் பழியை ஃபுட் வால்வ் மேல மட்டும் போடாதீங்க. அந்தப் பக்கம் ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைச் சரி பண்ணுற கை) இறுக்கமா இருக்கலாம், பிரேக் ஷூவை விரிக்கிற எஸ்-கேம் தண்டோட புஷ் கிரீஸ் இல்லாம காய்ஞ்சிருக்கலாம், ஷூவைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வால்வை மாத்தியாச்சுன்னு நிம்மதியா மலை ஏறினா அந்தக் கோளாறு அப்படியே கூட வரும். எனக்கு இதுதான் பெரிய பயம். ரீகால் வேலைக்குப் போன இடத்துல ரீகால் வேலையை மட்டும் பார்த்து அனுப்பிடுவாங்க.

ஷெட்டுலயே ஒரு பரிசோதனை பண்ணுங்க. சமதளமா நிறுத்தி, முன்னும் பின்னும் கட்டை போட்டுருங்க. ஏர் முழுசா ஏத்தி, கம்ப்ரஸர் கட் ஆனதும் இன்ஜினை அணைச்சு, ஹேண்ட் பிரேக்கை விடுங்க. ஒருத்தர் கேபின்ல, ஒருத்தர் டார்ச்சோட பின்சக்கரத்து பிரேக் சேம்பர் (காத்து நிறைஞ்சு பிரேக் தண்டைத் தள்ளுற டப்பா) பக்கம். சேம்பர்ல இருந்து வெளிய வர்ற தண்டு இருக்கில்ல, பிரேக் பிடிக்காத நிலையில அது உள்ள நுழையுற இடத்தை ஒட்டி சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. ரெண்டு பக்கமும் போடணும். கேபின்ல இருக்கிறவர் நல்லா அழுத்தி மிதிச்சு, சட்டுனு காலை எடுக்கட்டும். ஃபுட் வால்வ் அடியில "பொஸ்"னு ஒரே மூச்சுல காத்து வெளிய வந்து அடங்கணும். இழுத்து இழுத்து சீறினாலோ, அடங்கின பிறகும் மெல்லிசா முனகிக்கிட்டே இருந்தாலோ வால்வுல சந்தேகம். அதே நேரத்துல சாக்பீஸ் கோடு பழைய இடத்துக்கே வரணும். ரெண்டு பக்கமும் வரலைன்னா காத்து தங்குது. ஒரு பக்கம் மட்டும் வரலைன்னா அந்தச் சக்கரத்துலதான் வேலை.

வண்டி ஆறிக் கிடக்கும்போது மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து சூட்டோடவும் பாருங்க. ரப்பர் சீல் சூட்டுலயும் எண்ணெயிலயும்தான் ஊதும். கம்ப்ரஸர் எண்ணெய் தள்ளுதான்னு தெரிஞ்சுக்க ஏர் டேங்க் டிரெயின் காக்கைத் திறந்து கையில ஒரு வெள்ளைத் துணியைப் பிடிங்க. வெறும் தண்ணி வந்தா சரி. பால் மாதிரியோ பழுப்பாவோ பிசுபிசுன்னு வந்தா எண்ணெய் கலந்திருக்கு, புது வால்வ் போட்டாலும் அதோட சீலும் சீக்கிரமே கெட்டுரும். தீயணைப்பு வண்டி நின்ன இடத்துல நிக்கிறது அதிகம், டேங்க்ல தண்ணி சேர்றதும் அதிகம். காலை ரோல்கால் முடிஞ்ச கையோட தினமும் டிரெயின் பண்ணுங்க.

கசிவுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஏர் முழுசா ஏத்தி, இன்ஜின் அணைச்சு, பிரேக் விட்ட நிலையில காத்தழுத்தம் நிமிஷத்துக்கு 2 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தோட அளவு) மேல இறங்கக் கூடாது. அழுத்தி மிதிச்சுப் பிடிச்ச நிலையில 3 பி.எஸ்.ஐ. அமெரிக்காவுல கனரக லைசென்ஸ் வாங்கப் போறவனே இதைச் செஞ்சு காட்டணும். நம்ம மீட்டர் பார்ல இருந்தா 2 பி.எஸ்.ஐ.ங்கறது 0.14 பார், முள் அசையுறது கண்ணுக்கே சரியாத் தெரியாது. நிமிஷத்துக்குள்ள முள் நகர்றது வெறுங்கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சா, சோப்பு நுரையை எடுத்துக்கிட்டு யூனியன் யூனியனாத் தேடுங்க. அப்புறம் பெடலை மிதிச்சு மிதிச்சுக் காத்தை இறக்குங்க. காத்து குறைஞ்சதுன்னு பஸ்ஸர் கத்தணும். அமெரிக்காவுல 60 பி.எஸ்.ஐ.ன்னு வச்சிருக்காங்க, அதாவது 4 பாருக்குக் கொஞ்சம் மேல. அதுக்கும் கீழ போயும் பஸ்ஸர் சத்தம் வரலைன்னா மத்த எதையும் பார்க்க வேண்டாம், அன்னிக்கே வண்டியை நிறுத்துங்க.

பாடி பில்டர் எடுத்த லைனைப் பத்திச் சொல்றேன். பி.டி.ஓ.வுக்கும் ஹாரனுக்கும் காத்து, சிஸ்டம் புரொடக்ஷன் வால்வோட (ஒரு லைன்ல காத்து போனாலும் மத்த லைனைக் காப்பாத்துற வால்வ்) தனி வாய்ல இருந்துதான் போகணும். அப்படி இருந்தா ஹாரன் ஹோஸ் அறுந்தாலும் பிரேக் டேங்க்ல காத்து நிக்கும். சில பேர் வேலை சுலபம்னு பிரேக் டேங்க்லயே ஒரு டீ இணைப்பு போட்டு லைன் எடுத்துருவாங்க. படுத்துப் பார்த்து அந்த ஹோஸ் எங்க இருந்து கிளம்புதுன்னு கையால தடவிக்கிட்டே போங்க. டேங்க்ல போய் நின்னா ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க. அது ரீகாலுக்குச் சம்பந்தமில்லாத தனிக் கோளாறு, அதையும் சரி பண்ணியே ஆகணும்.

பிரேக் லைட்டையும் கவனிங்க. 2014-ல அமெரிக்காவுல சக்கரம் வழுக்காம பார்த்துக்கிற ஒரு டிராக்ஷன் ரிலே வால்வுக்கு ரீகால் வந்துச்சு. கடும் குளிர்ல அந்த வால்வுக்குள்ள காத்து கசிஞ்சு, யாரும் மிதிக்காமலே பிரேக் பிடிச்சுக்கும், பிரேக் லைட்டும் எரியாது. பின்னாடி வர்றவனுக்கு எதுவும் தெரியாது, டிரைவருக்கும் வண்டி இழுக்கலைன்னு மட்டும்தான் தோணும். உங்க வண்டியிலயும் அடையாளம் அதேதான். சமதளத்துல மெதுவா ஓடிக்கிட்டிருக்கும்போது கியரை நியூட்ரல் பண்ணினா வண்டி தானா உருளணும். யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி சட்டுனு நின்னா பிரேக் பிடிச்சிருக்கு.

சூடான பிரேக் டிரம்ல பைப்பை எடுத்துத் தண்ணி அடிச்சுராதீங்க. கையில ஹோஸ் இருக்கிறவங்களுக்கு அந்த எண்ணம்தான் முதல்ல வரும். டிரம் வெடிப்பு விட்டுரும். தீயே பிடிச்சாத்தான் தண்ணி. அதே மாதிரி பின்சக்கரத்து சேம்பர் கிளாம்ப்பை ஷெட்டுல யாரும் கழட்டக் கூடாது. உள்ள இருக்கிற ஸ்பிரிங் ஆளைக் கொல்லுற ஸ்பிரிங், அதைப் போல்ட் போட்டு அடக்கத் தெரிஞ்சவங்கதான் தொடணும்.

ஓட்டலாமான்னு கேட்டீங்க. சொன்னதுல ஒண்ணு தவறினாலும் வண்டி ஷெட்டை விட்டு வெளிய வரக் கூடாது, ஒரே வண்டியா இருந்தாலும் சரி. எல்லாம் சரியா இருந்தாலும், வால்வ் மாத்துற வரைக்கும் லோயர்கேம்ப் தாண்டி மேல ஏறாதீங்க. கீழ சமதளத்து அழைப்புக்குப் போறதைக்கூட உங்க நிலைய அலுவலர் எழுத்துல சொல்லட்டும், உங்க வாய்மொழி முடிவா இருக்கக் கூடாது. மலை அழைப்புக்குப் பக்கத்து நிலையத்து வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க. பரிசோதனை முடிவை ஷிஃப்ட் வாரியா லாக் புக்குல எழுதுங்க. ஆறின நிலையில எவ்வளவு, சூட்டுல எவ்வளவுன்னு எழுதினாத்தான் நாளைக்கு யாரும் "டிரைவர் சொல்லலையே"ன்னு சொல்ல முடியாது.

பெரியாத்துக்காரி:

அண்ணா, நான் வண்டிப்பெரியார் எஸ்டேட் லயத்துல பிறந்தவ. இப்போ ஒரு கனரக வாகன சர்வீஸ் மையத்துல முன் மேஜையில இருக்கேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நடக்கிறதைச் சொல்றேன்.

போன்ல வண்டி மாடலைச் சொல்லாதீங்க, 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைச் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல அதை அடிச்சாத்தான் உங்க வண்டி ரீகால்ல இருக்கா, வேலை பாக்கியான்னு தெரியும். ஒரே மாடல்ல எல்லா வண்டியும் சேர்ந்திருக்காது, குறிப்பிட்ட காலத்துல வந்த வால்வ் போட்ட வண்டி மட்டும்தான் இருக்கும். எண்ணைக் கொடுத்து, வால்வுக்குப் பதிவு போட்டு, அந்தப் பதிவு எண்ணை வாங்கிக்கங்க. எண் இல்லாம "வந்ததும் சொல்றோம்"னு யாராவது சொன்னா அதை நம்பி உக்காராதீங்க. அலுவலக லெட்டர்ஹெட்ல, நிலையத்துல வேற வண்டி இல்லைங்கறதை எழுதி மெயில் அனுப்பினா, எங்க மாதிரி ஆளுங்களுக்கு மேல கேட்டு வாங்க ஒரு பிடி கிடைக்கும். ஆம்புலன்ஸ், ஃபயர் வண்டின்னு எழுத்துல வந்தா வரிசையில முன்னாடி வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பாடி பில்டர் கை வச்சதால செய்ய மாட்டோம்னு சொன்னா, அதை ஜாப் கார்டுல (வேலைச் சீட்டு) எழுதித் தரச் சொல்லுங்க. ஃபுட் வால்வ் சேஸிஸோட வந்த பாகம், ஹாரன் லைன் பாடி பில்டர் சேர்த்தது. ரெண்டும் வேற வேற. வாரண்டி வேற, ரீகால் வேற. வாரண்டி முடிஞ்சிருந்தாலும் ரீகால் வேலைக்குக் காசு கேட்கக் கூடாது.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கங்க. நம்ம நாட்டுல 2012-ல இருந்து கம்பெனிகள் தாங்களாப் பின்பற்றின ஒரு நெறிமுறைதான் இருந்துச்சு. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-ல வந்த திருத்தத்துல ரீகாலுக்குன்னு 110ஏ பிரிவைச் சேர்த்தாங்க. விதிகள் 2021 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறையில இருக்கு. அரசாங்கம் உத்தரவு போட்டு ரீகால் பண்ண வைக்கலாம். அந்த மாதிரி வந்தா 10 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும் அபராதம். ஆனா இது 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான். அமெரிக்காவுல இலவசமா மாத்தித் தர்ற கடமை 15 வருஷம். நம்ம ஊர்ல ஃபயர் வண்டியை 7 வருஷத்துல யார் மாத்துறாங்க? அரசு வண்டிகளுக்கே 15 வருஷம்னு ஒரு எல்லை 2023 ஏப்ரல் 1-லதான் வந்துச்சு. ஓடுறது கொஞ்சமா இருக்கும், ஆனா ரப்பருக்கு வயசு ஆகிக்கிட்டேதானே இருக்கும். இந்த 7 வருஷக் கணக்கு தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் பொருந்தவே பொருந்தாதுங்கறது என் கருத்து. அண்ணா வண்டி எந்த வருஷம்னு உடனே பாருங்க, எல்லைக்குப் பக்கத்துல இருந்தா இன்னிக்கே பதிவு போடுங்க.

முக்கியமா, ஆர்.சி.யில இருக்கிற முகவரியும் கம்பெனி ரெக்கார்டுல இருக்கிற முகவரியும் ஒண்ணான்னு கேளுங்க. சேஸிஸ் முதல்ல பாடி பில்டர்கிட்டதான் போகும். ரெக்கார்டு அங்கயே நின்னுபோன வண்டிகள் எங்க மையத்துலயும் வந்திருக்கு. நிலையத்து முகவரியையும் ஒரு போன் நம்பரையும் சேர்க்கச் சொல்லுங்க. அடுத்த கடிதம் நேரா உங்க கைக்கு வரும்.

இரைச்சல்பாலம்:

எல்லாருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் சொன்னபடியே செஞ்சோம். ஆறின நிலையில "பொஸ்" சுத்தமா இருந்துச்சு, வலது கோடு சரியா வந்துச்சு. இடது தண்டு மட்டும் பாதியில நின்னு, அப்புறம் மெதுவா உள்ள போச்சு. ஸ்லாக் அட்ஜஸ்டர் பின் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. ஓட்டிட்டு வந்து சூட்டோட பார்த்தப்போ ஃபுட் வால்வ் அடியிலயும் அந்த முனகல் கேட்டுச்சு, காதை வச்சாத்தான் கேட்குது. ஆக ரெண்டு கோளாறும் இருக்கு. ஹாரன் ஹோஸ் பிரேக் டேங்க்ல இருந்துதான் போகுது, ஃபோட்டோ எடுத்துட்டேன்.

நிலைய அலுவலர் அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிட்டார். பக்கத்து நிலையத்துல ரெண்டு வண்டி இருக்கு, அதுல ஒண்ணை எங்க ஷெட்டுக்கு அனுப்ப எழுத்துல உத்தரவு வந்திருக்கு. தங்கச்சி சொன்ன மாதிரி சேஸிஸ் எண் கொடுத்து மெயில் போட்டோம், பதிவு எண்ணும் தேதியும் கிடைச்சாச்சு. வண்டிக்கு இன்னும் 7 வருஷம் ஆகல. கேரளத்து நண்பர்கிட்ட ஹாரன் லைன் விஷயத்தைச் சொன்னேன், அவங்க வண்டியும் அதே பாடி பில்டர் கட்டினதுதானாம், இன்னிக்கே படுத்துப் பார்க்கிறேன்னார்.

சர்வீஸ் மையத்துக்கு முதல்ல நாங்களே ஓட்டிக்கிட்டு வர்றதாத்தான் பேச்சு. போற வழியெல்லாம் சமதளம்தான். டேங்க்ல பாதித் தண்ணியை இறக்கிட்டுப் போனா போதுமா?

கூடலூர் பட்டறை:

பாதி வேண்டவே வேண்டாம். பாதி டேங்க் தண்ணிதான் பிரேக் பிடிக்கும்போது முன்னாடி ஓடி வந்து மோதும், உள்ள தடுப்புத் தகடு இருந்தாலும் தள்ளும். முழுசாக் காலி பண்ணிருங்க. ஓட்டிக்கிட்டும் போகாதீங்க. முனகல் கேட்டாச்சு, தண்டும் நிக்குது. ரெக்கவரி வண்டியில ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க, இல்லைன்னா அவங்க ஆளை இங்க வரச் சொல்லுங்க. இடது ஸ்லாக் அட்ஜஸ்டரையும் ஹாரன் லைனையும் ஜாப் கார்டுல தனித்தனி வேலையா எழுத வையுங்க. மாத்தின புது வால்வோட எண்ணை லாக் புக்குல குறிச்சுக்கங்க. வண்டி திரும்பி வந்ததும் சாக்பீஸ் பரிசோதனையை ஆறின நிலையிலயும் சூட்டுலயும் ஒரு தடவை பண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.